ரெண்டு வயித்து மரம்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில ரெண்டு இட்லி. மாத்திரை போட்டாச்சு. நடந்தாச்சு. கண்ணு நல்லாருக்கு.

நர்சம்மா, சக்கர நோய்க்காரங்களுக்குன்னு நீங்க குடுத்த இந்த நோட்டுல இம்புட்டுதான் எழுதச் சொன்னிய. ஆனா ஒரு நாளைக்கு ஒரு முழுப்பக்கம் விட்டிருக்கிய. ரெண்டு இட்லிய வச்சு ஒரு பக்கத்த எப்படிம்மா ரொப்புறது? நான் ரெண்டாங்கிளாசத் தாண்டாதவன். அறிவொளிக்காரங்க ஊருக்கு வந்தப்பதான் எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டேன். அப்படிப்பட்டவன் கையில பேனா கெடச்சா லேசுல கீழ வைக்கமாட்டான். பொறுத்துக்கிடுங்க.

என் பேரு தொம்மை. நாப்பது வருசம் கட்டுமரத்துல போனவன். அதுக்குப் பெறகு நாலு வருசம் மச்சினன் எஸ்தாக்கி இஞ்சின் போட்டுல போனேன். எம் பொண்டாட்டி பிரகாசிக்குத் தம்பி அவன். போன ஐப்பசியில நானே எறங்கிட்டேன். முதுகுவலி. இஞ்சின் அதிர்ச்சி முதுகுக்கு ஆவாது. அன்னையிலருந்து கரையில உக்காந்து வலைக்கு ஈயம் கோக்கேன். அம்பத்தெட்டு வயசுல கடலப் பாத்துக்கிட்டு கரையில கெடக்கது, கல்யாண வீட்டுப் பந்தியில எடமில்லாம வாசல்ல நிக்க மாதிரி.

இன்னைக்குச் சேதி என்னன்னா, வடக்கால பெங்களூர் சார் பங்களா இருக்குல்லா, அங்க ஒரு பாய்மரப் போட்டு கெடக்கு. சார் லீவுக்கு வந்தா ஓட்டுவாரு. இப்ப அவரு முழங்காலு போச்சாம், பங்களாவயே விக்காரு. சாம்பல் புதனுக்குள்ள காலி பண்ணணுமாம். போட்ட யாராவது கேட்டா நான் சொன்ன விலைக்குக் குடு, இல்லன்னா பழைய சாமான்காரன் அறுத்துக்கிட்டுப் போவட்டும்னு காவக்காரன் கஸ்பார்கிட்ட சொல்லியிருக்காரு.

அத நான் வாங்கப்போறேன். பிரகாசிகிட்ட இன்னும் சொல்லல.

பெப்ரவரி 4, புதன்

ரெண்டு இட்லி. மாத்திரை. கண்ணு நல்லாருக்கு.

போட்ட போயி பாத்துட்டு வந்தேன். ஒரு வயித்துக்குப் பதிலா ரெண்டு வயிறு. பைபர்ல செஞ்ச ரெண்டு நீள வயிறு, நடுவுல குறுக்க ரெண்டு அலுமினியத் தண்டு, தண்டுக்கு நடுவுல கட்டில் மாதிரி இறுக்கிக் கட்டுன துணி. ஆளு அந்தத் துணியிலதான் உக்காரணும். பின்னால ரெண்டு சுக்கான், ரெண்டையும் ஒரே கம்பு ஆட்டும். இஞ்சின் கெடையாது, சத்தம் கெடையாது. காத்தும் பாயும்தான்.

முன்னாலருந்து தட்டிக்கிட்டே வந்தேன். விரல மடக்கி, சாணுக்கு ஒரு தட்டு. நல்ல எடம் டங்குன்னு சொல்லும். உள்ள நொந்துபோன எடம் தொப்புன்னு சொல்லும். பூசணிக்கா வாங்குற மாதிரிதான். பூசணிக்கான்னதும் ஞாவகம் வருது, பிரகாசியப் பொண்ணு பாக்கப் போனப்ப அவ வீட்டு முத்தத்துல ஒரு பூசணிக்கா கெடந்துச்சு. நான் கூச்சத்துல பொண்ணப் பாக்காம பூசணிக்காயத் தட்டிக்கிட்டே இருந்தேன். உள்ளருந்து ஒரு குரல், "பூசணிக்காயக் கெட்டப்போறாரா, என்னையா?"ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு மொதல்ல குரலத்தான் பாத்தேன்.

எடது வயித்துல ரெண்டு எடம் தொப்புன்னுச்சு. பெருசில்ல, உள்ளங்கை அகலம்.

"என்ன அண்ணாச்சி, ஒரு மணி நேரமா தடவிக்கிட்டே இருக்கிய? கண்ணால பாத்தாத் தெரியாதா?"ன்னான் கஸ்பார். அவன் தோட்டக்காரன், கடலுக்குப் போறவன் இல்ல.

"கண்ணு பெயின்டத்தான் பாக்கும்டே. கைதான் உள்ள பாக்கும்"னேன்.

பாய்மரத்த இழுத்துப் பிடிக்க மூணு கம்பிவடம் இருக்கு. உள்ளங்கைய வச்சு மேலருந்து கீழ உருவுனேன். மூணாவது வடத்துல சுருக்குன்னு ஊசி குத்துச்சு. ஒரு இழை அறுந்திருக்கு. கஸ்பார் கிட்ட வந்து குனிஞ்சு பாத்துட்டு, "ஆமா அண்ணாச்சி! இத்தன நாளு நான் பாக்கலையே"ன்னான்.

வயித்துக்குள்ள தண்ணி சலசலன்னுச்சு. மேல மூடியத் தொறந்து கையவிட்டு நாக்குல வச்சேன். நல்லதண்ணி. மழைத்தண்ணி. கடல்ல ஓடுன காலத்துல அடி ஒழுகியிருந்தா உப்பு மிச்சம் இருக்கும். கரிக்கல. அப்ப அடி கெட்டி. கஸ்பார் வாயப் பொளந்துட்டான். பெறகு பின்னால போயி என்னமோ திருகுனான், தண்ணி மண்ணுல கொட்டுச்சு. "மூடிய அங்கனயே தொங்க விட்டிருக்கேன் அண்ணாச்சி. கரையில கெடக்கும்போது தொறந்தே கெடக்கட்டும்"னான். நான் சரி சரின்னேன்.

பெப்ரவரி 5, வியாழன்

இட்லி. மாத்திரை. பிரகாசிகிட்ட சொல்லிட்டேன். பதிலே பேசல. மீன் கூடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பேசாம போனான்னா பாதி சம்மதம்னு அர்த்தம். மீதிப் பாதி சண்டை.

பெப்ரவரி 6, வெள்ளி

சண்டை நடந்துச்சு.

"கரையில இரும்னுதான எந்தம்பி எறக்கி விட்டான்?"

"அவன் எறக்கல. நானே எறங்குனேன்."

"சரி, நீரே எறங்குனீரு. பெறகு என்னத்துக்கு மறுபடி ஏறணும்?"

அவ ஏலக்கடையில அடுத்தவன் மீன விலைக்கு எடுத்து, ஊரு ஊரா சொமந்து விக்கா. எம் புருசன் கொண்டு வந்த மீனுன்னு ஒரு வீட்டுல சொல்லி வித்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. இதச் சொன்னா அழுவா. அதான் சொல்லல.

இந்த நோட்ட எடுத்துப் பாத்துட்டு, "என்ன எழுத்து இது? ஒரு வரிமேல இன்னொரு வரி ஏறிக் கெடக்கு"ன்னா. பேனா சரியில்ல.

பெப்ரவரி 7, சனி

ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். பழத்தக் கணக்குல சேக்காதீங்க, சின்னப்பழம்.

இன்னைக்குப் போட்ட அவுத்தேன். கஸ்பார் குதிச்சான். "அண்ணாச்சி, ஓடுற போட்ட எதுக்குப் பிரிக்கிய?"

எங்க ஆளுக்கு ஒரு முறை உண்டும்மா. கட்டுமரம் வாங்குறவன் கட்டோட வாங்கமாட்டான். கயித்த அவுத்து, கட்டைய ஒவ்வொண்ணா மணல்ல உருட்டி, ஒவ்வொண்ணு மேலயும் ஒருக்க உக்காந்து எந்திச்சு, பெறகுதான் விலை பேசுவான். கட்டு எல்லாத்தையும் மறைச்சுக் காட்டும். நோவு எப்பவும் கட்டுக்கு அடியிலதான் இருக்கும்.

"விக்கிறவரு சம்மதிக்கலன்னா நான் போறேன்"னேன். போவமாட்டேன், சும்மா சொன்னேன். கஸ்பார் சாருக்குப் போன் போட்டுட்டு ஸ்பானரோட வந்தான்.

ரெண்டு வயிறும் தனித்தனியா மணல்ல கெடந்துச்சு. தண்டுல போல்ட்டு எறங்குற ஓட்டைய விரல விட்டுச் சுத்துனேன். எட்டு ஓட்டை. ஏழு வழுவழுன்னு இருந்துச்சு. எட்டாவதுல நகம் மாட்டுச்சு. முடியளவு வெடிப்பு. வெள்ள மாவு மாதிரி வேற உதிந்துச்சு, உப்பு தின்ன அலுமினியம். இத அவுக்காம வாங்கியிருந்தா ஒருநாள் நடுக்கடல்ல ரெண்டு வயிறும் தனித்தனியா குடித்தனம் போயிருக்கும். இப்ப அதுக்கு ஒரு பட்டை வச்சு இறுக்கிரலாம். வெல்டிங் கடையில சொல்லிட்டேன்.

திரும்பப் பூட்டும்போது போல்ட்டு போட்டது கஸ்பாரு, மேல கயிறு கட்டுனது நானு. போல்ட்டு மேல எனக்கு நம்பிக்கை வரல.

நல்ல போட்டும்மா. நோவு இருக்கு, ஆனா எல்லாம் எனக்குத் தெரிஞ்ச நோவு. விடமாட்டேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

கடலுக்கு யாரும் போவல. பூசைக்குப் போயிட்டு வந்து ஆட்டுக்கறி. எழுதாம விட்டா நீங்க கண்டுபிடிக்கவா போறிய? இருந்தாலும் எழுதிட்டேன்.

கோயில் வாசல்ல எஸ்தாக்கி வந்தான். "அத்தான், வெள்ளோட்டம் பாக்கணும்னா செவ்வாக்கெழம பாரும். நான் பின்னாலயே என் போட்டுல வாரேன்."

"எனக்குக் காவலு எதுக்குல?"

"காவலு இல்ல அத்தான். வேடிக்க பாக்க."

கண்ணு நல்லாருக்கு. நேத்து எழுத மறந்துட்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெறும் வயித்துல மாத்திரை. தப்புதான்.

கஸ்பார் ஒரு கல்யாணத்துக்காக நேத்தே ஊருக்குப் போயிட்டான், சாவி மட்டும் குடுத்திருந்தான். விடிஞ்சதும் எஸ்தாக்கி ஆளுங்க நாலு பேரு பக்கத்துக்கு ரெண்டு பேரா பிடிச்சுத் தள்ளிவிட்டாங்க. நான் துணியில ஏறி உக்காந்து பாய இழுத்தேன்.

நர்சம்மா, நீங்க கடல்ல போனதில்லல்லா? சொல்லுதேன். வாடைக்காத்து எடது காதுல அடிச்சுச்சு. காது குளிர்ற பக்கத்த வச்சே போட்டு எங்க பாக்குதுன்னு சொல்லிரலாம். வலது காது குளிந்துச்சுன்னா திரும்பிட்டேன்னு அர்த்தம். அலை அடியில தட்டுற தாளத்த வச்சு ஆழம் சொல்லலாம். போட்டு பறந்துச்சும்மா. மூணு மாசமா கரையில கெடந்த உடம்பு இது. முதுகுவலியும் இல்ல, ஒண்ணுமில்ல. நான் சத்தம் போட்டுச் சிரிச்சேன். எஸ்தாக்கிக்குக் கேட்டிருக்கும்.

அர மணி நேரம் இருக்கும். பின்பக்கம் கனக்க ஆரம்பிச்சுச்சு. நெறமாசக்காரி நடக்க மாதிரி போட்டு அசைஞ்சுச்சு. சுக்கான் பிடி கொடுக்கல. அலை துணிமேல ஏறி என் மடியில உக்காந்துச்சு. ரெண்டு வயிறும் ரொம்பிருச்சு.

எஸ்தாக்கி கயிறு வீசுனான். என்னைக் கட்டியிழுத்துக்கிட்டு வந்தான். இஞ்சின் போட்டுக்குப் பின்னால, மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி. கரையில ஊரே நின்னுச்சு.

"தொம்மையண்ணன் நீர்மூழ்கிக் கப்பல்லா வாங்கியிருக்காரு!"ன்னு ஒருத்தன் கத்துனான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய?

"ஒழுகல் போட்டு அத்தான். சவத்த விட்டுத்தள்ளும்"னான் எஸ்தாக்கி. அவனே சாருக்குப் போனும் போட்டுட்டான். சாரு சொல்லிட்டாராம்: ஒழுகுதுன்னா பாதி விலைக்கு எடுத்துக்கிடுங்க, இல்லன்னா பழைய சாமான்காரனுக்கு.

பாதி விலை. ஆனா எனக்கு ஒத்துக்கல. நாக்கு பொய் சொல்லாது. அன்னைக்கு நல்லதண்ணிதான் இருந்துச்சு.

பெப்ரவரி 11, புதன்

ஒழுகல் எங்கன்னு பாக்கப் போனேன். பிரகாசி தானா கூட வந்தா. பங்களாக் கெணத்துல தண்ணி எறச்சு அவ குடங்குடமா மேல் மூடி வழியா ஊத்துனா. நான் அடியில மண்டிபோட்டு, வயித்துல காத வச்சு, எங்கருந்து சொட்டுதுன்னு கேட்டேன்.

சொட்டவே இல்ல. கொட்டுச்சு. பின்பக்கம் ஒரே எடத்துல, குழாயத் தொறந்துவிட்ட மாதிரி. கைய வச்சுத் தடவுனேன். வட்டமா ஒரு ஓட்டை. என் பெருவிரலு சரியா உள்ள போச்சு. தண்ணி நின்னுச்சு. விரல எடுத்தேன், கொட்டுச்சு. வச்சேன், நின்னுச்சு.

வெடிப்பு இல்லம்மா அது. செஞ்சவன் வச்ச வழி. உள்ள தண்ணி சேந்தா கரையில வடிக்கதுக்கு. கடலுக்குப் போகுமுன்ன அடைக்கணும். கட்டுமரத்துல இந்தச் சோலியே கெடையாதுல்லா? கட்டைக்கு ஏது வயிறு? தண்ணி மேலயும் வரும் கீழயும் போவும், நாம அடைச்சதுமில்ல, எறச்சதுமில்ல. நாப்பது வருசத்துல ஒரு நாளு கூட நான் கடலுக்குப் போகுமுன்ன எதையும் மூடுனதில்ல. கஸ்பார் மூடின்னு சொன்னப்ப அது ஏதோ டப்பா மூடின்னு நெனச்சு சரி சரின்னுட்டேன்.

"மூடி இருக்கணும் பிரகாசி. எங்கயோ தொங்க விட்டிருக்கேன்னான்"னேன்.

அவ குடத்தக் கீழ வச்சுட்டுச் சொன்னா, "உம்ம மூக்குக்கு நேரா தொங்குது."

"எங்க?"

"செவப்பா. எலுமிச்சம்பழம் தண்டி. ரெண்டு வயித்துலயும் ஒண்ணு ஒண்ணு. ஒரு சாண் கூட இல்ல உமக்கும் அதுக்கும்."

நான் கைய நீட்டித் தடவுனேன். மொத தடவ காத்தத்தான் பிடிச்சேன்.

பெப்ரவரி 12, வியாழன்

மாத்திரை போட்டேன். வேற ஒண்ணும் எழுதுறதுக்கில்ல.

பெப்ரவரி 13, வெள்ளி

எழுதிருதேன். நேத்துப் பூராவும் யோசிச்சேன். யாரும் பாக்கல, பிரகாசியத் தவிர. வாய மூடிக்கிட்டு இருந்தா பாதி விலைக்குப் போட்டு எனக்கு. ஒழுகல அடைச்சுட்டேன்னு ஊருல சொல்லிரலாம். கெட்டிக்காரன்னு பேரு கூட வரும்.

ஆனா அந்த போட்டு என்ன பாவம் செஞ்சுச்சு? ஒழுகாததுக்கு ஒழுகல்னு பேரு கட்டி, அதுமேல ஏறி நான் எப்படிப் போவேன்? போட்ட அவுத்துப் பாக்காம வாங்கமாட்டேன்னு கஸ்பார்கிட்ட அடம்பிடிச்சவன் நான். எங் கட்ட மட்டும் அவுக்காம வச்சிருந்தா?

சாயங்காலம் பங்களாவுக்குப் போனேன். கஸ்பார் கல்யாணத்துலருந்து வந்திருந்தான். எஸ்தாக்கியும் அங்கதான் இருந்தான், இழுத்த கயித்த எடுத்துட்டுப் போவ வந்தவன்.

"போட்டு ஒழுகல. நான்தான் மூடி போடல"னேன்.

கஸ்பார் சிரிச்சான். "அதெப்படி அண்ணாச்சி? அம்மாம்பெரிய செவப்பு மூடி!"

"எனக்குத் தெரியல."

"மூடி போடணும்னு தெரியலையா?"

"அதுவும் தெரியல. மூடியும் தெரியல. கண்ணு தெரியல கஸ்பார்."

வாய்விட்டுச் சொன்னது இன்னைக்குத்தான். நர்சம்மா, நீங்க கேட்டப்ப நல்லாருக்குன்னேன். இந்த நோட்டுல எழுதுனதெல்லாம் பொய். நடுவுல புகை மாதிரி இருக்கு. ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. ஒரு வருசமா.

எஸ்தாக்கி தலையக் குனிஞ்சுக்கிட்டு கயித்தச் சுருட்டுனான். "மூடிய நீரு பாத்திருப்பீருன்னு நெனச்சேன் அத்தான். வாங்குற ஆளு பாக்கத நான் திரும்பப் பாத்தா உமக்குக் கோவம் வரும்னு விட்டுட்டேன்."

"அன்னைக்கு ஏன் என்னைய எறக்கிவிட்ட, சொல்லு."

"நம்ம வலைக்கு அடையாளமா மெதக்க விட்ட கொடிய விட்டுட்டு நீரு அடுத்தவன் கொடிக்குப் போவச் சொன்னீரு. மூணு நாளு. நாலாவது நாளு நேரா பாறைக்கு. ஊருக்குள்ள முதுகுவலின்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

முதுகுவலி நானா சொன்னதுன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

கஸ்பார் சாருக்குப் போன் போட்டுச் சத்தமா வச்சான். சாரு எல்லாத்தையும் கேட்டாரு. நல்ல மனுசன். "நெசத்தச் சொன்னதுக்கு சந்தோசம் தொம்மை"ன்னாரு. "ஆனா உங்களுக்கு என்னால விக்க முடியாது. நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எப்படித் தூங்குறது?"ன்னாரு.

அதுவும் நியாயம்தான்.

பெப்ரவரி 14, சனி

பழைய சாமான்காரன் திங்கக்கெழம வாரானாம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிஞ்சு வந்ததும் பிரகாசி சேலைய மாத்தக்கூட இல்ல, "எந்திரிச்சு வாரும்"னா. பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போனா. கஸ்பார் கையில இருந்த போன வாங்கி அவளே பேசுனா.

"சார், நான் தொம்மை பொண்டாட்டி. அவருக்கு விக்கமாட்டேன்னிய. எனக்கு வில்லுங்க. எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத் தெரியும், ஊசி கோப்பேன். பாதி விலை வேண்டாம், மொதல்ல சொன்ன விலைதான். அத எப்படிக் குடுக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

சாரு என்னமோ கேட்டாரு.

"ஓட்டத் தெரியுமாவா? எந்தம்பி பொறக்குமுன்ன எங்கப்பனுக்கு நான்தான் மவன். பத்து வயசு வரைக்கும் மரத்துல அவருகூடப் போனவ. பாதி மறந்துருச்சு. மறந்ததச் சொல்லித்தர வீட்டுல ஆளு இருக்கு, கண்ணுதான் இல்ல. சுக்கான் நான் பிடிப்பேன், பாய் அவரு பிடிப்பாரு. கண்ணாஸ்பத்திரிக்கு வியாழக்கெழம கூட்டிட்டுப் போறேன், அதுவும் சேத்துத்தான் சொல்லுதேன்."

அவரு யோசிச்சது ஒரு நிமிசம் இருக்கும், எனக்கு ஒரு பருவம் மாதிரி இருந்துச்சு. பெறகு, "மூடிய மறக்காதீங்கம்மா"ன்னாரு.

வெளிய வந்தா எஸ்தாக்கி நிக்கான். "ஏக்கா, பொம்பள சுக்கான் பிடிக்கதா? ஊரு என்ன பேசும்?"

"நீ பிடிச்ச சுக்கான்லதான் போன வருசம் வலை போயி இஞ்சின் காத்தாடியில சுத்துச்சு. அப்ப ஊரு என்ன பேசுச்சு?"

எனக்கு அவன் மூஞ்சி தெரியல. தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

பெப்ரவரி 17, செவ்வாய்

இத எழுதுறது பிரகாசி. எட்டாங்கிளாஸ் பாஸ். அவரு சொல்லச் சொல்ல எழுதுதேன், ஏன்னா அவரு எழுதுனா வரி ஏறுது.

ரெண்டு இட்லின்னு எழுதச் சொல்லுதாரு. நாலு. நர்சம்மா, இதுக்கு முன்னால எழுதுன எல்லா எடத்துலயும் நாலுன்னு வச்சுக்கிடுங்க.

இன்னைக்கு விடிஞ்சதும் எறங்குனோம். பட்டை வச்சாச்சு, கம்பிவடம் மாத்தியாச்சு. எஸ்தாக்கி பின்னாலயே வந்தான். கேட்டா வேடிக்க பாக்கவாம். அவரு காது எந்தப் பக்கம் குளிருதுன்னு சொல்லச் சொல்ல நான் சுக்கானத் திருப்புனேன். ரெண்டு தடவ தப்பாத் திருப்பிட்டேன். ஏட்டி, நீ என்ன இஞ்சின் போட்டா ஓட்டுதன்னு கத்துனாரு. நீரு கொடியப் பாத்துச் சொல்லும் பாப்போம்னேன். பெறகு கத்தல.

சீலா மூணு, பாரை ஒண்ணு. பாரைய விக்கல. மத்தத நான் தெருவுல கூவி வித்தேன், எம் புருசன் கொண்டாந்த மீனுன்னு. வாங்குன பொம்பள ஒருத்தி, நீயும் போனியாமேன்னா. ஆமா, நானும் கொண்டாந்த மீனுதான்னேன்.

வியாழக்கெழம கண்ணாஸ்பத்திரி. புகை விலகுமோ விலகாதோ, டாக்டர் சொல்லட்டும். விலகுனா நல்லது. விலகலன்னாலும் வெள்ளிக்கெழம காத்து எப்படி இருக்கும்னு இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காரு.

இனிமே அவரு சொல்லாதது ஒண்ணு எழுதுதேன். கரையேறுனதும் தண்ணிய வடிச்சுட்டு அந்தச் செவப்பு மூடி ரெண்டையும் கயித்துலருந்து அறுத்துட்டேன். இப்ப எம் முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன், வீட்டுச் சாவி பக்கத்துல. இனி நான் இல்லாம அந்த போட்டு கடல் தொடாது.